ஒரு மாத்திரை, அரை மாத்திரை

பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில், கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு மாணவியின் காலடியில் பிட் ஒன்று கிடந்ததைப் பார்த்தேன். மடித்து மடித்து மிளகு அளவுக்கு ஆக்கிய காகிதம். இருபத்தாறு வருடம் தமிழாசிரியையாக இருப்பவளுக்கு அது வாசற்படியிலிருந்தே தெரியும். நடந்து போய்க் குனிந்தேன். பிட்டை எடுத்தும் விட்டேன். அதன் பிறகு நிமிர முடியவில்லை.

இடுப்புக்குள் ஏதோ ஒன்று 'டக்'கென்றது. வலது காலில் கணுக்கால்வரை கரண்ட் பாய்ந்தது. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, இரண்டாக மடிந்து நின்றேன். வகுப்பே எழுதுவதை நிறுத்திவிட்டது. "மிஸ், இன்னா மிஸ் ஆச்சு?" என்று முதலில் எழுந்து வந்து என் தோளைத் தாங்கியவள் அந்தப் பிட்டுக்கு உரியவள்தான். ஒரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையால் என் விரலிடுக்கிலிருந்த பிட்டை மெல்ல உருவிக்கொண்டாள். நான் விட்டுவிட்டேன். அந்த நிமிடத்தில் யார் எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

எங்கள் பள்ளி கீழ்பென்னாத்தூர்ப் பக்கம். வீடு வேங்கிக்காலில், வயலை மனையாகப் பிரித்துக் கட்டிய புதுத் தெருக்களில் ஒன்றில். தலைமை ஆசிரியர் ஒரு வேனைப் பிடித்து, பின் சீட்டில் என்னைப் படுக்கவைத்து அனுப்பினார். அந்தச் சாலையில் இத்தனை வேகத்தடைகள் இருப்பது அன்றுதான் தெரிந்தது. டிரைவர் நல்ல மனிதர். ஒவ்வொரு தடைக்கும் முன்னால் "டீச்சர், வருதுங்க, புடிச்சிக்கோங்க" என்று எச்சரிப்பார். பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை என்பதால் அந்த எச்சரிக்கையே தனி வலியாக இருந்தது.

வீட்டில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். என் கணவர், அவருடைய அம்மா.

என் கணவர் காப்பீட்டு முகவர். ஆபத்துதான் அவருடைய சரக்கு. எதிரில் இருப்பவர் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள், அவருக்கு வரக்கூடிய கேடுகளையெல்லாம் ஒவ்வொன்றாக, அன்பாகச் சொல்லி, கையெழுத்து வாங்கிவிடுவார். என் மாமியாருக்கு எழுபத்தாறு வயது. இரண்டு முட்டியிலும் வலி. ராத்திரி தூக்கத்துக்கு ஒரு மாத்திரை போட்டுக்கொள்வார். மற்றபடி அவருக்கு மருந்து என்றாலே நம்பிக்கை கிடையாது. கட்டிலில் என்னைக் கிடத்தியதும் முதல் வைத்தியத்தை அவர்தான் சொன்னார்.

"படுத்துக்கினே இருந்தா இடுப்பு இறுகிப் பூடும். வர பௌர்ணமிக்கு மலையை ஒரு சுத்து சுத்திட்டு வா. எல்லாம் சரியாப் பூடும்."

கிரிவலப் பாதை பதினான்கு கிலோமீட்டர். நானோ கட்டிலிலிருந்து பாத்ரூமுக்குப் போக என் கணவரோடு சேர்ந்து திட்டம் போட வேண்டியிருந்தது. முதலில் இடது பக்கம் உருள வேண்டும். பிறகு காலைத் தொங்கப்போட வேண்டும். பிறகு அவர் "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்ல வேண்டும். மூன்று என்றதும் நான் எழ வேண்டும். பெரும்பாலும் மூன்றில் நான் அலறுவேன், அவர் விட்டுவிடுவார், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவோம்.

ஒரு வாரம் பாராசிட்டமாலை விழுங்கிப் பார்த்தும் ஒன்றும் ஆகவில்லை. செங்கம் ரோட்டில் ஒரு எலும்பு மருத்துவரின் கிளினிக்குக்கு ஆட்டோவில் போனோம். உள்ளே நுழைந்ததும் அந்த டாக்டர் எழுந்து நின்றாள்.

"மிஸ்! என்னைத் தெரியுதுங்களா? பத்தாவது 'பி'. 'கண்டுப்பிடித்தான்'னு எழுதினதுக்கு அரை மார்க் குறைச்சீங்க."

எனக்கு முகம் நினைவில்லை. ஆனால் அந்த அரை மார்க்கை நிச்சயம் குறைத்திருப்பேன். வேண்டாத இடத்தில் வந்த 'ப்'பும், வேண்டிய இடத்தில் வராத 'க்'கும் என் கண்ணில் மணல் மாதிரி உறுத்தும். ஒற்றுப்பிழை ஒன்றுக்கு அரை மதிப்பெண் என்று ஒரு தலைமுறையையே அழவைத்தவள் நான்.

"வலி எவ்வளவு இருக்குதுங்க மிஸ்? ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள சொல்லுங்க."

"எட்டரை."

"இதுலயும் அரையா?" என்று சிரித்துவிட்டு, ஸ்கேன் எடுக்க அனுப்பி, படம் வந்ததும் வெளிச்சத்தில் வைத்துக் காட்டினாள். நாலாவது எலும்புக்கும் அஞ்சாவது எலும்புக்கும் நடுவில் இருக்கும் ஜவ்வு பிதுங்கிக்கொண்டு நரம்பை அழுத்துகிறது. ஆபரேஷன் இப்போது தேவையில்லை. பெரும்பாலும் தானே அடங்கிவிடும், ஆனால் நாள் பிடிக்கும். இதுவரைக்கும் நல்ல சேதி. பிறகு என் பழைய சீட்டைப் புரட்டினாள்.

"போன வருஷம் உங்களுக்கு வயித்துப் புண்ணுல ரத்தம் கசிஞ்சிருக்கு. அதனால வழக்கமா குடுக்கிற வலி மாத்திரையெல்லாம் உங்களுக்கு ஆகாது. வேற ஒண்ணு இருக்கு, டிரமடால்னு பேரு. ஆனா அதைச் சீட்டுல எழுதிக் குடுத்துட்டு அனுப்பிட முடியாது. கொஞ்சம் பேசணும்."

"பேசணும்னா?" என்றார் என் கணவர். அந்த வார்த்தையை அவர் தம் வாடிக்கையாளர்களிடம் சொல்லித்தான் பழக்கம். தம்மிடம் சொல்லிக் கேட்டதில்லை.

"அது அபின் வகையைச் சேர்ந்த மருந்து, சார்."

"அபினா!"

கதவு சரியாகச் சாத்தப்படவில்லை. வெளியே நாற்காலிகளில் காத்திருந்தவர்களின் பேச்சு நின்றுபோனது எனக்குக் கேட்டது.

டாக்டர் பொறுமையாகச் சொன்னாள். "இது வலியைக் குணமாக்காது மிஸ். கொஞ்ச நாளைக்கு வலி தெரியாம வச்சிருக்கும். அந்த நேரத்துல நீங்க நடக்கணும், பிசியோதெரபி செய்யணும். அதுக்குத்தான் இது. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. பத்து நாள். அப்புறம் என்கிட்ட வந்து காட்டணும். ஸ்கூட்டி ஓட்டக் கூடாது. தூக்க மாத்திரை, சளி மருந்து எதையும் இதோட சேர்க்கவே கூடாது, மூச்சு கம்மியாயிடும். தலை சுத்தும், குமட்டும், மலச்சிக்கல் வரும். வீட்டுல வேற யாருக்கும் ஒண்ணுகூடக் குடுக்கக் கூடாது. நீங்களா கூட்டக் கூடாது, நீங்களா திடீர்னு நிறுத்தவும் கூடாது."

"பழக்கமாயிடுமா?" என்று கேட்டார் இவர்.

"ஆகலாம். எல்லாருக்கும் ஆகாது. யாருக்கு ஆகும்னு முன்னாடியே என்னால சொல்ல முடியாது சார். அதனாலதான் கம்மியா, கொஞ்ச நாளைக்கு, கண்காணிச்சுத் தரது."

தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. அரை மதிப்பெண்கூடக் குறைக்க முடியாத பதில்.

மருந்துக் கடையில் இவருக்கு வேறு அனுபவம். கடைக்காரர் சீட்டை இரண்டு தரம் படித்தாராம். பிறகு இவரை மேலும் கீழும் பார்த்தாராம்.

"யாருக்கு சார்?"

"வீட்டுக்காரம்மாவுக்கு."

"அவங்களைக் கூட்டிக்கினு வரலீங்களா?"

"அவங்களால நடக்க முடியலைங்க. அதுக்குத்தான் இந்த மாத்திரையே."

கடைக்காரர் ஒரு தனி நோட்டை எடுத்துப் பெயர், விலாசம், டாக்டர் பெயர் எல்லாம் எழுதி, சீட்டைப் பிரதி எடுத்துக்கொண்டு, அதன்மேல் முத்திரை குத்திக் கொடுத்தார். கடையில் நின்றவர்கள் எல்லாரும் இவரையே பார்த்தார்களாம். அதில் இரண்டு பேர் இவரிடம் பாலிசி எடுத்தவர்கள்.

மாத்திரை வீட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் என் வாய்க்கு வரவில்லை. இவர் ஒரு முழுத்தாளை எடுத்து நடுவில் கோடு போட்டார். இடது பக்கம் 'நன்மை', வலது பக்கம் 'ஆபத்து'. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, வலது பக்கத்தை நிரப்பிக்கொண்டே போனார். பக்கம் போதாமல் பின்பக்கமும் போனார். வலிப்பு, மூச்சுத் திணறல், அரிப்பு, குழப்பம், பழக்கம். இடது பக்கத்தில் 'வலி குறையும்' என்று ஒரே வரி.

"இந்தப் பக்கம் இன்னும் ஏதாவது சேக்கணுமா?" என்று நியாயமாகத்தான் கேட்டார்.

"நான் தனியா பாத்ரூம் போவேன்னு எழுதுங்க."

எழுதினார். எழுதிவிட்டு அந்த வரியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் ஒரு வாரமாகச் சரியாகத் தூக்கம் கிடையாது.

இருந்தாலும் மனம் ஒப்பவில்லை. மறுநாள் காலை ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு வாடிக்கையாளரைப் பார்க்கப் போனவர், அங்கே டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்காரரிடம் இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். வெளிநாட்டில் இதனால் பெரிய கஷ்டம் என்று எங்கேயோ கேள்விப்பட்டிருந்தாராம். பெயரைக் கேட்டதும் அந்த மனிதர் டீயைக் கீழே வைத்தார். எழுந்தார். இவரை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

"ஐயாம் ஸோ ஸாரி, மை பிரதர்" என்றாராம். "யூ ஆர் நாட் அலோன்."

வெள்ளைக்காரர் நல்ல உயரம். இவருடைய தலை அவருடைய நெஞ்சுவரைதான் வந்ததாம். டீக்கடையில் ஒருவர் விடாமல் பார்க்க, இவர் "நோ, நோ, வைஃப், வைஃப்" என்றிருக்கிறார். "யுவர் வைஃப் ஆல்ஸோ?" என்று கேட்டு அவர் இன்னும் இறுக்கிக்கொண்டார். ஒருவழியாக விடுபட்டு வந்து கதை சொன்னபோது இவருடைய சட்டைப்பையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. போதைப் பழக்கத்திலிருந்து மீள்கிறவர்கள் வாரம் ஒருமுறை கூடும் இடத்தின் முகவரி. நான் சிரித்தேன். சிரித்ததில் இடுப்பு வெட்டி இழுத்தது. அலறினேன். அந்த அலறலைக் கேட்டுத்தான் இவர் மனம் மாறியது. போய் மாத்திரையை உரித்துக்கொண்டு வந்தார்.

முதல் நாள் குமட்டல். கூரை லேசாகச் சுற்றியது. மூக்கு அரித்தது. இரண்டாவது நாள் காலையில், இட்லியோடு போட்ட மாத்திரைக்கு முக்கால் மணி நேரம் கழித்து, நான் எழுந்து உட்கார்ந்தேன். யாரும் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லவில்லை. நானே பாத்ரூமுக்குப் போய் நானே திரும்பி வந்தேன். இவர் அந்தத் தாளை எடுத்து அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு 'டிக்' போட்டார்.

போனேனே தவிர, அங்கே போய் ஒன்றும் நடக்கவில்லை. டாக்டர் சொன்ன மலச்சிக்கல் மூன்றாவது நாள் முழு உருவத்தோடு வந்து சேர்ந்தது. என் வயிறு குடும்ப விவகாரமாகிவிட்டது. காலையில் எழுந்ததும் மாமியார் கேட்கும் முதல் கேள்வி, "ஆச்சா?" இவர் வெளியிலிருந்து போன் செய்தாலும் அதே கேள்வி. வலியைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. பப்பாளி, வாழைப்பழம், வெந்நீர், கடுக்காய்ப் பொடி, எதுவும் பலிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரம்மா உடம்பு விசாரிக்க வந்தபோது மாமியார் முன்னறையிலேயே நிலவரத்தை அறிவித்தார். "இடுப்பு தேவலாம். இன்னும் ஆவல." டாக்டருக்குப் போன் செய்து, அவள் சொன்ன ஒரு மருந்தைக் குடித்து, ஐந்தாம் நாள் ஆனது. மாமியார் சாமி படத்துக்குக் கற்பூரம் ஏற்றினார். நான் தடுக்கவில்லை.

இதையெல்லாம் தாண்டி இன்னொன்று நடந்தது. அதை டாக்டர் சொல்லவில்லை, அல்லது சொல்லி நான் கவனிக்கவில்லை. மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் எனக்கு எல்லாரையும் பிடிக்க ஆரம்பித்தது.

உள்ளங்காலிலிருந்து வெதுவெதுப்பாக ஒன்று ஏறும். ஜன்னல் வழியே தெரியும் மலை அழகாக இருக்கும். அது எப்போதும் அழகுதான். ஆனால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியும் அழகாக இருந்தது. மாமியார் மத்தியானம் பார்க்கும் டிவி சீரியலை இருபது வருடமாக வெறுத்தவள், அதில் வரும் வில்லியின் பக்க நியாயத்தை நினைத்து அழுதேன். மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. கட்டில் பக்கத்திலேயே நாற்காலி போட்டு, முந்தின கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். நான் கேட்டேன். கேள்விகூடக் கேட்டேன்.

"இப்பதான் நீ மனுஷியா கீற" என்றார் அவர், மனதாரச் சொன்னார்.

இந்த நிலைமையில்தான் விடைத்தாள் கட்டு வந்து சேர்ந்தது. நான் விடுப்பில் இருந்தாலும் பத்தாம் வகுப்புத் தமிழை நான்தான் திருத்த வேண்டும் என்று பள்ளியில் கொடுத்தனுப்பிவிட்டார்கள். ஒருக்களித்துப் படுத்து, தலையணைமேல் பலகையை வைத்து, சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.

பொங்கல் விழாவைப் பற்றி நண்பருக்குக் கடிதம் எழுதச் சொல்லியிருந்தார்கள். ஒரு மாணவி, பொங்கலுக்கு முந்தின நாள் தன் வீட்டுப் பசு கன்று போட்டதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். பொங்கல் கடைசி வரியில்தான் வந்தது, 'மறுநாள் பொங்கல்' என்று. எட்டுக்கு எட்டு போட்டேன். ஓரத்தில் 'அருமை, கண் கலங்கிவிட்டது' என்று எழுதினேன். உண்மையிலேயே கலங்கியிருந்தது. 'பள்ளிக்கு சென்றான்' என்று ஒருத்தி எழுதியிருந்தாள். 'க்' இல்லை. இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக, பாவம், அவன் பள்ளிக்குப் போனால் போதாதா என்று நினைத்தேன்.

பள்ளி திறந்த மூன்றாம் நாள் தலைமை ஆசிரியர் போன் செய்தார். சுற்றி வளைத்துப் பேசுவார். மரியாதைக்காரர்.

"டீச்சர், உடம்பு எப்படி இருக்குதுங்க?"

"வலி கம்மிங்க சார்."

"சந்தோஷங்க. மார்க்குதான் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குது."

"நல்லா எழுதியிருக்காங்க சார்."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "டீச்சர், பெயரை மட்டும் எழுதிட்டு வெறும் பேப்பர் குடுத்த பொண்ணுக்குப் பதினொண்ணு போட்டிருக்கீங்க."

"கையெழுத்து ரொம்ப அழகா இருந்துச்சுங்க சார்."

"பொங்கல் கழிச்சு இன்னொரு தரம் பார்த்துடலாமுங்களா?" என்று கேட்டார். கட்டு திரும்பி வந்தது. எனக்குக் கோபம்கூட வரவில்லை. அவரையும் பிடித்திருந்தது.

பத்து நாள் கழித்து டாக்டரிடம் போனபோது இன்னும் பத்து நாளைக்கு மாத்திரை எழுதினாள். கால் மரத்துப்போவது நிற்கவில்லை என்பதால். "அடுத்த தடவை குறைக்க ஆரம்பிச்சிடணும் மிஸ்" என்றாள். சரி என்றேன். பிசியோதெரபி பலித்துக்கொண்டிருந்தது. வலி எட்டரையிலிருந்து மூன்றுக்கு இறங்கியிருந்தது. ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்கே என் கண் கடிகாரத்துக்குப் போக ஆரம்பித்தது. ராத்திரி மாத்திரைக்கு இன்னும் மூன்று மணி நேரம், இன்னும் இரண்டேகால் மணி நேரம் என்று.

மாத்திரையை இவர் ஒளித்துவைத்திருந்தார். வேளைக்கு ஒன்று எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கொண்டுவருவார். இடத்தைச் சொல்லமாட்டார். இருபத்தேழு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு ஒளிக்கிற இடம் தெரியாதா? அலமாரியில், 'காலாவதியானவை' என்று எழுதி ஒட்டிய பாலிசிப் பெட்டி. முதல் முறை எடுத்தபோது எனக்கு நிஜமாகவே வலி இருந்தது. இரண்டாவது முறை, வலி வரலாம் என்று எடுத்தேன். மூன்றாவது முறை எடுத்ததற்குக் காரணம் இடுப்பே இல்லை. பொங்கலுக்கு மாமியாரின் தங்கை வருவதாகத் தகவல் வந்திருந்தது. என் சமையல், என் நிறம், பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் இன்னும் கல்யாணம் செய்துகொள்ளாதது, இந்த மூன்றையும் பற்றி அந்த அம்மாள் பேசாமல் இருக்கமாட்டார். அவரையும் பிடித்துவிட்டால் நல்லது என்று தோன்றியது.

காலை பத்து மணி இருக்கும். இவர் வெளியே போயிருந்தார். பெட்டியைத் திறந்து மாத்திரைப் பட்டையைக் கையில் எடுத்தேன். திரும்பினால் கதவுக்குப் பக்கத்தில் மாமியார் நிற்கிறார்.

"எனக்கும் ஒண்ணு குடு. முட்டி உயிரை வாங்குது."

"அத்தை, இது உங்களுக்கு ஆகாதுங்க."

"ஏன் ஆகாது? நீ தின்னுட்டு சிரிச்சிக்கினு கீற. நானும் பார்த்துக்கினுதான் கீறேன். ஒண்ணே ஒண்ணு."

கொடுத்திருப்பேன். இதை எழுதுவதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. என் குட்டு வெளியே வராமல் இருக்க, அவர் கையிலும் ஒன்றை வைத்துவிட்டால் நாங்கள் இருவரும் ஒரே பக்கம் ஆகிவிடுவோம் என்று ஒரு கணம் கணக்குப் போட்டேன். கட்டைவிரல் பட்டையை அழுத்தவும் செய்தது. அப்போதுதான் அவருடைய தூக்க மாத்திரை நினைவுக்கு வந்தது. சேர்க்கவே கூடாது, மூச்சு கம்மியாயிடும் என்று டாக்டர் சொன்னது. கை நின்றுவிட்டது.

"இது விஷம் மாதிரிங்க அத்தை. உங்க தூக்க மாத்திரையோட சேர்ந்தா உயிருக்கே ஆபத்து."

"விஷம்னா நீ எதுக்கு அவன் இல்லாத நேரமாப் பார்த்துத் தின்ற?"

என் மாணவிகள் பதில் தெரியாதபோது செய்வதைச் செய்தேன். தரையைப் பார்த்தேன். பட்டையைப் பெட்டியில் வைத்து மூடினேன். மாமியார் சீரியல் பார்க்கப் போய்விட்டார்.

இவர் வந்ததும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"எத்தனை?"

"ரெண்டு. இன்னிக்கு எடுத்ததைத் திரும்ப வச்சிட்டேன்."

"ரெண்டு கொறஞ்சுதுன்னு எனக்குத் தெரியும். நான்தான் எண்ணத் தெரியாம எண்ணிட்டேன்னு நெனச்சேன். நேத்து போய்க் கண்ணைச் செக் பண்ணிக்கினு வந்தேன்."

அவர் சட்டைப்பையில் புதுக் கண்ணாடிக்கான சீட்டு இருந்தது. என்னைச் சந்தேகப்படுவதற்குப் பதிலாகத் தம் கண்ணைச் சந்தேகப்பட்டிருக்கிறார். திட்டியிருந்தாலே எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் டாக்டரிடம் போனோம். ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். மாமியாரின் தங்கையைப் பற்றியும் சொன்னேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"தப்புப் பண்ண மாதிரி முகத்தை வச்சுக்காதீங்க மிஸ். இந்த மருந்தோட குணமே அதுதான். நீங்க வந்து சொல்லிட்டீங்க. சொல்லாதவங்களைப் பத்திதான் எனக்குப் பயம். இப்போ மெதுவா எறங்கலாம். முதல்ல ஒரு வேளையைக் குறைச்சு ஒரு நாளைக்கு ஒண்ணு. அப்புறம் அரை மாத்திரை. அப்புறம் நிறுத்திடலாம்."

"மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை" என்று என் வாய் தானாகச் சொன்னது.

"குறிலுக்கு ஒண்ணு, நெடிலுக்கு ரெண்டு" என்றாள் அவள் உடனே. "மறக்கல மிஸ். நீங்க நெடில்லேர்ந்து ஆரம்பிச்சு மெய்க்கு வரணும், அவ்வளவுதான்."

என் கணவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வைத்தியம் நடக்கிறதா, வகுப்பு நடக்கிறதா என்று அவருக்குப் புரியவில்லை.

இறங்குவது அவள் சொன்ன அளவுக்கு அழகாக இல்லை. மாத்திரையைப் பாதியாக உடைக்க வீட்டில் கருவி எதுவும் இல்லாததால் மாமியாரின் பாக்குவெட்டியை எடுத்தோம். அது ஒருபோதும் சரிபாதியாக வெட்டாது. பெரிய பாதியை நான் கேட்பேன், சின்ன பாதியை இவர் நீட்டுவார். ஐம்பத்தோரு வயதில், பாசிப்பயறு அளவுள்ள ஒரு துண்டுக்காக நான் கட்டின கணவரோடு சண்டை போட்டேன். கொட்டாவி மேல் கொட்டாவி வந்தது. மூக்கு ஒழுகியது. முதுகு வேர்த்தது. படுத்தால் கால் ஒரு இடத்தில் நிற்காது. எல்லாவற்றுக்கும் மேலாகக் கோபம். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாலே கோபம். மாமியாரின் தங்கை வந்து, வழக்கமான மூன்று விஷயங்களை வரிசையாகத் தொடங்கினார். முதல் விஷயத்துக்கே நான் சொன்ன பதிலில், அவர் சாப்பிட்ட கையோடு ஊருக்குக் கிளம்பிவிட்டார். மாமியார் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. ஆனால் மறுநாள், "அவளும் கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் பேசறா" என்றார்.

அந்த வாரத்தில்தான் விடைத்தாள்களை இரண்டாம் தரம் திருத்தினேன்.

தலைமை ஆசிரியரின் போன் இந்தமுறை ஒரே நாளில் வந்தது.

"டீச்சர், முதல் தரம் வெறும் பேப்பர் தவிர எல்லாரும் பாஸு. இப்போ கிளாஸ் ஃபர்ஸ்ட் வர பொண்ணே ஃபெயிலு."

"ஒற்றுப்பிழைங்க சார்."

"கன்னுக்குட்டி லெட்டருக்கு எட்டு போட்டிருந்தீங்க. அதை அடிச்சுட்டு இப்போ ஒண்ணு போட்டிருக்கீங்க. பக்கத்துல 'கேட்டது பொங்கல், வந்தது கன்று'ன்னு எழுதியிருக்கீங்க. அதுக்கு மேலயே 'கண் கலங்கிவிட்டது'ன்னும் இருக்குது. பொண்ணோட அப்பா வந்து கேட்டா நான் எதைங்க சொல்றது?"

"நியாயந்தான் சார்."

"நடுவுல ஒரு மார்க் இருக்குதுங்களா டீச்சர்?" என்று கெஞ்சுகிற குரலில் கேட்டார்.

இருந்தது. மாத்திரை முழுவதும் நின்று எட்டாம் நாள், மூக்கு வடிவதும் நின்ற பிறகு, மேஜைக்கு முன்னால் நேராக உட்கார்ந்து மூன்றாம் தரம் திருத்தினேன். பக்கங்களில் சிவப்புக்கு மேல் சிவப்பு. பச்சை மையில் எழுத வேண்டியதாயிற்று. கன்றுக்குட்டிக் கடிதத்துக்கு ஆறு போட்டேன். கேட்டதை எழுதாதது தப்புதான். ஆனால் தலையீற்றுப் பசு நிலைகொள்ளாமல் சுற்றிச் சுற்றி வந்ததை அந்தப் பெண் நன்றாகத்தான் எழுதியிருந்தாள். வெறும் பேப்பருக்குப் பூஜ்யம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மீதியிருந்த மாத்திரைகளை இவர் டாக்டரிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். மாமியாரையும் அதே டாக்டரிடம் காட்டினோம். முட்டிக்கு உடற்பயிற்சி கொடுத்து அனுப்பினாள். மாமியார் அதைச் செய்வதில்லை.

அந்த மாத்திரையை நான் திட்டமாட்டேன். அது இல்லாவிட்டால் அந்த முதல் பத்து நாளில் நான் எழுந்து நடந்திருக்க முடியாது, நடக்காவிட்டால் இந்த முதுகு தேறியிருக்காது. அதற்காக அதைப் புகழவும் மாட்டேன். எனக்குள் எந்தக் கதவு எவ்வளவு இலேசாகத் திறக்கும் என்று அதற்குப் பத்தே நாளில் தெரிந்துவிட்டது. எனக்கு ஐம்பத்தோரு வருடமாகத் தெரியவில்லை.

பிப்ரவரியில் பள்ளிக்குத் திரும்பினேன். இடுப்பில் பெல்ட், உட்கார ஒரு தனி நாற்காலி. இரண்டாம் நாளே ஆசிரியர் அறையில் கணக்கு டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்கும் ஆறு மாதமாக முதுகு வலி.

"டீச்சர், உங்களைச் சீக்கிரமா எழுப்பிவிட்ட அந்த மாத்திரை பேர் இன்னா? எழுதிக் குடுங்க. எங்க வீட்டாண்ட கடையில தெரிஞ்ச பையன்தான் இருக்கான், சீட்டு இல்லாமலே தருவான்."

"அது மட்டும் கேக்காதீங்க டீச்சர். டாக்டரை வேணா சொல்றேன். நானே வேணா கூட வரேன்."

"ஒரு பேரைச் சொல்றதுல உங்களுக்கு இன்னா கொறஞ்சிடும்?"

நான் நடந்ததைச் சொன்னேன். வெள்ளைக்காரர் கட்டிப்பிடித்தது, பாக்குவெட்டி, மூன்று தரம் திருத்திய விடைத்தாள், எல்லாம். அவர் பாதியிலேயே எழுந்துவிட்டார். எனக்குக் கிடைத்த நல்லது அடுத்தவருக்குக் கிடைக்கக் கூடாது என்று நினைக்கிறேனாம். விஞ்ஞான டீச்சரிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். இப்போது ஆசிரியர் அறையில் எனக்கு இரண்டு நாற்காலி தள்ளித்தான் உட்காருகிறார். நேற்று பேனா கீழே விழுந்து குனிந்து எடுக்கும்போது அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். எழுந்து போய் டாக்டரின் விலாசத்தை ஒரு தாளில் எழுதி அவருடைய நோட்டுக்குள் வைத்துவிட்டு வந்தேன். அவர் அதைப் பிரித்துப் படித்தார். கிழித்துப் போடவில்லை.